உரசாதே அண்ணாச்சியின் கட்டில்

மனித குலத்திலேயே மரம் தேய்க்கிற உப்புத்தாளைக் கண்டு நடுங்கிய ஒரே ஆள் எங்கள் சிவகாசித் தெருவில்தான் இருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் உரசாதே அண்ணாச்சி.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை. அங்கே கொஞ்சம் பலமாக உரசினால் ஆளும் மிஞ்சாது, அறையும் மிஞ்சாது. நியாயமான பயம்தான். ஆனால் மனுஷன் அதை ஊருக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். டவுன் பஸ்ஸில் பக்கத்து ஆளின் தோள் பட்டாலே, "உரசாதலே!" என்று அலறுவார். புதுசாகக் கல்யாணமான ஜோடிகள்கூட அவர் வீட்டைத் தாண்டும்வரை ஒரு முழம் தள்ளித்தான் நடப்பார்கள்.

இப்பேர்ப்பட்டவர், மகள் தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள் என்று விருதுநகருக்குப் போய், இழைப்பும் வார்னிஷும் இல்லாத பைன் மரக் கட்டில் ஒன்றை வாங்கி வந்தார். தொட்டால் கையில் சிராய் ஏறும்.

"எம்மவ கட்டில எவனோ அவசரத்துல தேச்சுத் தரணுமாக்கும்? நானே தேச்சு, நானே வார்னிஷ் அடிச்சுக்கிறேன்" என்றார். தேய்ப்பதும் உரசுவதும் ஒன்றுதான் என்பது அந்த மூளைக்கு அப்போது எட்டவில்லை.

மறுநாளே வீடு பட்டாசுக் கம்பெனியாகிவிட்டது. கட்டில் இருந்த அறைக்குள் செருப்பு கூடாது, செல்போன் கூடாது, பாலியஸ்டர் சட்டை கூடாது. வாசலில் மணல் வாளி. வார்னிஷ் டப்பா தீப்பிடிக்குமாம். அதை எங்கே பத்திரப்படுத்தினார் தெரியுமா? என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே. என் குடும்பம் போனால் பரவாயில்லை போலிருக்கிறது.

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, தூங்குகிற பூனையைத் தடவுவதுபோலக் கட்டிலைத் தடவினார். நாள்கணக்கில் தடவினார். பொறுக்க முடியாமல் தேய்க்கிற மெஷினோடு ஓர் ஆசாரியைக் கூட்டிப்போனேன். சுவிட்சைப் போட்டதுதான் தாமதம், மணல் வாளி ஆசாரியின் தலையில் கவிழ்ந்தது. அந்த ஆசாரி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

கடைசியில் அண்ணாச்சி சம்சாரம், எங்கள் மதினிதான் வெடித்தார். "எம்மவ நெறமாசமா வந்து தரையில படுக்கட்டும்! நீங்க கட்டிலக் கொஞ்சிக்கிட்டே இருங்க!"

அண்ணாச்சி கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை தடவினார். சீசன் நேரத்தில் லீவு போட்டதற்கு முதலாளி என்ன அர்ச்சனை செய்தாரோ, தெரியாது.

மகள் வந்தாள். மெல்லப் படுத்து, கட்டில் சட்டத்தில் கையை ஓட்டிப் பார்த்தாள்.

"எப்பா, எம்புட்டு வழுவழுன்னு இருக்கு! வார்னிஷ் அடிச்சாச்சா?"

"இல்ல தாயி. அந்த நெடி ஒனக்கு ஆகாது. நீ ஊருக்குப் போனப்புறம் அடிக்கேன்."

ஆக, டப்பா என் வீட்டிலேயே குடியிருக்கிறது.

பேரன் பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று பார்க்கப் போனேன். எல்லோரும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சியாயிற்று, அண்ணாச்சியை மட்டும் காணோம். கொல்லைப்புறத்தில் சர்சர்ரென்று சத்தம். மிச்சமிருந்த உப்புத்தாளால், காய்ப்பேறிய தன் உள்ளங்கையைப் பலம்கொண்ட மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணாச்சி பண்ணுறீக?"

"கையி சொரசொரன்னு இருக்குலே. பச்சப்புள்ளய உரசிரும்."

கிண்டல் பண்ணத்தான் வாயெடுத்தேன். கை முந்திக்கொண்டது. உப்புத்தாளைப் பிடுங்கி எறிந்தேன்.

"போதும்ணாச்சி, தோலு உரிஞ்சிரும். வந்து பேரனத் தூக்குங்க" என்று அந்தக் கையை இறுகப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன்.

அன்றைக்கு மட்டும் அவர் 'உரசாதலே' என்று சொல்லவில்லை.