நியாயமாகப் பங்கிடப்பட்ட நான்கு நிறுத்தங்கள்

"அப்ப இந்த ரயிலு எங்களைத் தவிர எல்லாருக்கும் நிக்குமா, சி மூல்தி?"

தலெந்தாவின் குரலுக்குத் தெருமுனையில் கட்டியிருந்த கழுதைகூடத் திரும்பிப் பார்த்தது. ஆண்கள் மட்டும் உட்காரும் காப்பிக் கடை அது. அவள் உள்ளே நுழையாமல் வாசற்படியில் நின்றுதான் கத்தினாள். ஒழுக்கமான பெண். கத்தும்போதும் பெயருக்கு முன்னால் 'சி' என்ற மரியாதையை விடவில்லை.

மனிதகுலம் நியாயத்தைத் தேடி எங்கெங்கோ அலைந்திருக்கிறது. அந்த நியாயம் தென் துனிசியாவில், எங்கள் ஊரான ஐன் ஸித்ராவில், மூல்தியின் கடையில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தது என்று சாட்சி சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன். நான் ஒட்டுக்கேட்கிற ரகமல்ல. என் சமையலறைக்கும் அந்தக் கடைக்கும் நடுவே ஒரே சுவர், அதில் ஒரு சன்னல். அவ்வளவுதான்.

எங்கள் ஊர்த் தண்டவாளத்தில் பல வருடங்களாகப் பாஸ்பேட் மட்டுமே பயணம் செய்துவந்தது. மண்ணுக்கு ரயில், மனிதர்களுக்கு மண்ரோடு. இப்போது பயணிகள் ரயில் திரும்பி வரப்போகிறது. கடற்கரைக்குப் போகும் வழியில் எங்கள் வட்டாரத்துக்கு நான்கு நிறுத்தங்கள். அவை எங்கே என்பதை "உள்ளூர் மக்களே நியாயமாக" முடிவு செய்யலாம் என்று தலைநகரத்து அலுவலகம் சொல்லிவிட்டது. உள்ளூர் மக்கள் என்றால் தான்தான் என்பது மூல்திக்கு உடனே விளங்கியது. "நியாயப் பங்கீட்டு உயர்மட்டக் குழு" பிறந்தது. தலைவர் அவர். துணைத்தலைவர் கமைஸ். ஊரின் வாடகை வண்டிகளும், பெண்களைத் தக்காளிப் பண்ணைகளுக்கு நிற்கவைத்து ஏற்றிப்போகும் திறந்த டிரக்கும் அவருடையவை. மற்ற உறுப்பினர்கள் இவ்விருவரின் மைத்துனர்கள்.

குழு அசாத்திய நடுநிலையோடு செயல்பட்டது. முதல் நிறுத்தம் மூல்தியின் கடைக்குப் பின்னால். ரயிலால் வாடகை வண்டிகளுக்கு நஷ்டம் வருமே, அதை ஈடுகட்ட இரண்டாவது நிறுத்தம் கமைஸின் தம்பி நடத்தும் பெட்ரோல் பங்கில். மூன்றாவது, எங்கள் கால்பந்து அணி வெற்றியை உறுதியாகத் தவிர்த்துவரும் மைதானத்தில். நான்காவது, மூல்தியின் மகன் ஓட்டல் கட்ட நினைத்திருக்கும் பொட்டல் நிலத்தில். "வருங்காலத் தலைமுறைக்கான ஒதுக்கீடு" என்று அதற்குப் பெயர்.

தினமும் அந்த டிரக்கில் போகும் தலெந்தா கேட்டது, மைதானத்தைத் தாண்டியதும் தக்காளிப் பண்ணைக்குப் போகும் பாதை தண்டவாளத்தைக் கடக்கும் பண்ணைக் கடவில் ஒரு நிறுத்தம்.

"உங்களுக்குத்தான் டிரக் இருக்கேம்மா," என்றார் கமைஸ். "நல்லா காத்தோட்டமாப் போறீங்க."

"அந்தக் காத்தோட்டம்தான் போன வருஷம் எங்களைக் கொண்டுபோய்க் கால்வாயில கொட்டிச்சு. இந்தக் கையை இன்னும் தோளுக்கு மேல தூக்க முடியல."

"தக்காளி கீழதானே காய்க்குது? தோளுக்கு மேல எதுக்குத் தூக்கணும்?"

மூல்தி இருமினார். அவர் இருமினால் நிர்வாகம் தொடங்குகிறது என்று அர்த்தம். "இந்தா பாரு தலெந்தா, அந்தக் கடவுல ராத்திரி எத்தனை பேரு தூங்குறாங்க?"

"யாரு தூங்குவா? வேலைக்கில்ல போறோம்."

"அப்ப மக்கள்தொகை பூஜ்யம். பூஜ்யத்துக்கு ரயிலு நிக்குமா?"

"உங்க மகன் நிலத்துல யாரு தூங்குறா?"

"ஓட்டல் வந்தா எல்லாரும் தூங்குவாங்க."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

முதல் ரயிலில் குழுவினரோடு நானும் போனேன். ஊர் நலனில் அக்கறை உள்ளவள் வேறென்ன செய்வாள்? பண்ணைக் கடவை ரயில் விசிலடித்துக் கடந்தது. பக்கத்துச் சாலையில் டிரக், அதில் நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள். தலெந்தாவைப் பார்த்துக் கையசைத்தேன். அவளுக்கு நல்ல கை ஒன்றுதான். அது கம்பியைப் பிடித்திருந்தது. பொட்டல் நிலத்தில் ரயில் கம்பீரமாக நின்றது. இரண்டு செம்மறியாடுகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன.

ரயிலை நிறுத்துவதில் எங்கள் ஊருக்கு இணை கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். வேலை வேண்டுமா, குடிநீர் வேண்டுமா, தண்டவாளத்தில் கூடாரம் போட்டுத் தேநீர் கொதிக்கவைப்போம், பாஸ்பேட் வண்டி நிற்கும், அதிகாரி வருவார். மூல்திக்குக் காப்பிக் கடை உரிமம் கிடைத்ததே இளமையில் அப்படி உட்கார்ந்துதான்.

மறுவாரம் பெண்கள் எல்லோரும் டிரக்கை விட்டுவிட்டு ரயிலேறினார்கள். பொட்டல் நிலத்துக்கே டிக்கெட் வாங்கினார்கள். கடவை நெருங்கியபோது தண்டவாளத்தின் நடுவே ஒரு கூடாரம். தலெந்தாவின் தங்கை மஹ்பூபா முன்கூட்டியே கழுதையில் போய்ப் போட்டிருந்தாள். ஓட்டுநர் லம்ஜத் பாஸ்பேட் வண்டி ஓட்டிப் பழகியவர், கூடாரத்தை மதிக்கத் தெரிந்தவர். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, நிறுத்தி, இறங்கினார். மஹ்பூபா முறைப்படி தேநீர் நீட்டினாள்.

"கோரிக்கை என்னம்மா?"

"ரயிலு இங்க நிக்கணும்."

லம்ஜத் திரும்பி எஞ்சினைப் பார்த்தார். "நின்னுட்டிருக்கே."

"அப்ப ஜெயிச்சாச்சு."

போராட்டத்துக்கு ஆதரவு தெரிவிக்க இறங்கிய தலெந்தாவும் மற்றவர்களும் கூடாரத்தை மடித்துவிட்டுத் தக்காளி பறிக்கப் போனார்கள். மாலையில் மறுபடி போட்டார்கள், ஜெயித்தார்கள், ஏறி வீடு வந்தார்கள். தினமும் இதே கதை. லம்ஜத் தேநீரில் புதினா அதிகம் கேட்கத் தொடங்கினார். அதையும் நான் கவனித்தேன்.

டிரக் காலியாக ஓடுவதாகக் கமைஸ் வந்து புலம்பினார். மூல்தி காதில் வாங்கவில்லை. அவர் வேறு பரவசத்தில் இருந்தார்.

"யோவ், என் மகன் நிலத்துக்குத்தான்யா டிக்கெட் அள்ளிட்டுப் போவுது. தலைநகரத்துலேர்ந்தே கேட்டிருக்காங்க, அங்க அப்படி என்னதான் இருக்குன்னு."

"என்ன இருக்கு?"

"எதிர்காலம்."

அந்த எதிர்காலத்தைப் பார்வையிட ஓர் ஆய்வாளர் அம்மாள் வந்தார். தற்செயலாக என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். நான்தான் இடம் பிடித்து வைத்திருந்தேன். கடவில் பெட்டி முழுக்கக் காலியானது.

"இவங்கல்லாம் எங்க போறாங்க?"

"போராட."

"எதுக்கு?"

"ரயிலு நிக்கணும்னு."

"நின்னுடுச்சேம்மா."

"அதான் தினமும் ஜெயிக்கிறாங்க."

பொட்டல் நிலத்தில் மூல்தி பூங்கொத்தும் மேளமுமாகக் காத்திருந்தார். இறங்கியவர்கள் ஆய்வாளரும் நானும் மட்டும். "பயணிகள் எங்க?" என்றார் அம்மாள். மூல்தி ஆடுகளைப் பார்த்தார். ஆடுகள் கைவிரித்துவிட்டன.

நிறுத்தம் கடவுக்கு மாறியது. மேடையும் நிழற்குடையும் வந்தன. மூல்தியே நாடா வெட்டி, "இது எங்கள் குழுவின் தொலைநோக்கு" என்று முழங்கினார். கல்வெட்டில் மைத்துனர்கள் பெயர்வரை இருக்கிறது. தலெந்தாவின் பெயர் இல்லை. கேட்டால், "ரயிலு நிக்குதுல்ல, விடுங்கக்கா" என்கிறாள்.

மஹ்பூபா லம்ஜத்தைக் கல்யாணம் செய்துகொண்டாள். கமைஸ் டிரக்கை விற்றுவிட்டுக் கடற்கரைப் பக்கம் குடிபோனார். மூல்தி தலைநகருக்குப் போய்விட்டார். எங்கள் ஊரில் நிலைநாட்டிய நியாயத்தை நாட்டின் மற்ற ரயில் பாதைகளிலும் நிலைநாட்டும் பொறுப்பை அவருக்கே கொடுத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பக்கம் தண்டவாளம் போனால், கூடாரத் துணியை இப்போதே துவைத்துக் காயப்போட்டு வையுங்கள்.