குடிலுக்குள் ஒரு பட்டு வியாபாரி

யார் பேசினாலும் நடுவில் புகுந்து திருத்துவது என் பிறவிக் குணம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு முறிந்ததற்கு அதுதான் காரணம் (வாத்தியார் சொன்ன காரணம் வேறு, அதை விடுங்கள்). ஒற்றைத் தறியில் தொடங்கியவன், ஆரணியில் சொந்தக் கட்டடத்தில் பட்டுக்கடை வைத்து, சேலைப் பெட்டி மூடியில் என் போட்டோவையே அச்சடித்து விற்கிற அளவுக்கு வந்ததற்கும் அதே குணம்தான் காரணம். ஒரு கிறிஸ்துமஸ் வாரத்தில் என் மகன் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்ததும் அதுவேதான்.

மகன் பிரபு வேலூரில் வேலை பார்க்கிறான். அங்கே பெனிட்டா என்ற பெண்ணை விரும்பினான். மதம் வேறாயிற்றே என்று என் மனைவி காந்தா கொஞ்ச நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பெண்ணின் போட்டோவைப் பார்த்ததும் தோசை கேட்டாள். நான் அதற்கு முன்பே சரி சொல்லிவிட்டேன். பெண் வீட்டார்தான் பிடி கொடுக்கவில்லை. மனிதர்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றுவிட்டார்கள்.

பெனிட்டாவின் தொழில் ஊரைச் சுற்றிக் காட்டுவது. வண்டியில் இல்லை, நடத்தியே கூட்டிப் போவாள். பழைய கட்டடங்கள் முன்னால் நிறுத்திக் கதை சொல்வாள். அதற்கு ஜனங்கள் காசும் கொடுக்கிறார்கள். (நான் சின்ன வயதில் சேலை மூட்டையோடு கண்ணமங்கலம் வரை நடந்திருக்கிறேன். ஒருவர் ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை.)

அந்த வருடம் முதல் தடவையாக அவள் கிறிஸ்துமஸ் நடையை ஆரணியில் வைத்தாள். அவள் அம்மா பிலோமினாவும், பேங்க் வேலையில் ஓய்வுபெற்ற அப்பாவும் கூட்டத்தோடு கூட்டமாக வருவார்கள், நாங்களும் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. வீட்டில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டு ஒருவரை ஒருவர் எடை போடுவதைவிட இது சுலபம் என்பது பிள்ளைகள் போட்ட கணக்கு. கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது அந்த ஒரு சாயங்காலத்தில் இருந்தது.

"சும்மா கூட நடந்து வாப்பா, அது போதும்" என்றான் பிரபு.

பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றி நிறைய விபூதி என்று புறப்பட்டேன். பெனிட்டா எல்லாருக்கும் சிவப்புக் குல்லா கொடுத்தாள். அதையும் மாட்டிக்கொண்டேன். மூக்குக் கண்ணாடியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டேன். போட்டால் வயதானவன் மாதிரி தெரிகிறது.

கோட்டைப் பக்கம் ஒரு பழைய சுவர் முன்னால் நின்று, இதை யார் கட்டினார்கள் என்று உறுதியாகத் தெரியவில்லை என்றாள் பெனிட்டா. எனக்குத் தாங்கவில்லை. என் ஊர்ச் சுவரைப் பற்றி வேலூர்ப் பெண் வந்து தெரியாது என்று சொல்வதா? எனக்குத் தெரியும் என்று ஆரம்பித்தேன். ராஜாவின் பெயர் (அப்போதுதான் வாயில் வந்தது), ராணிக்கு எத்தனை பட்டு, அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்கு நேராகப் போகும் சுரங்கம், எல்லாவற்றையும் சொன்னேன். அதில் யாராவது போனதுண்டா என்று சென்னைக்காரர் ஒருவர் கேட்டார். என் தாத்தா பாதி தூரம் போய், பீடி பற்றவைக்க நெருப்பில்லாததால் திரும்பிவிட்டார் என்றேன்.

கூட்டம் மொத்தமும் என் பக்கம் வந்துவிட்டது. பெனிட்டா கையில் சின்னக் கொடியோடு தனியாக நின்றாள். அவள் அம்மா என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அறிவைக் கண்டு அசந்துபோன பார்வை என்று அதை நான் எடுத்துக்கொண்டேன்.

பொழுது சாய்ந்ததும் மாதா கோயிலுக்குப் போனோம். உள்ளே பெரிய குடில் போட்டிருந்தார்கள். காகித மலை, வைக்கோல், பஞ்சு ஆடுகள், நடுவே கண்ணாடியில் ஒரு குளம். அதற்குப் பின்னால் பீடத்தில் அரக்குச் சேலை சாத்திய மாதா. சீரியல் பல்புகள் சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி அடித்ததில் சேலை தகதகவென்று மின்னியது. வேண்டுதலுக்காக மாதாவுக்குப் பட்டு சாத்துவார்கள் என்று பெனிட்டா தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இது பட்டே இல்லம்மா, டூப்ளிகேட்" என்றேன். "தொட்டுக்கூடப் பாக்க வாணாம், இங்கருந்தே சொல்வேன். எவனோ நல்லா ஏமாத்திகிறான்."

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் இருமினார். சேலையைக் கொடுத்தவர் இங்கேதான் நிற்கிறார் என்று கையை நீட்டினார். கை பிலோமினா அம்மாவிடம் போய் நின்றது.

மகள் கல்யாணம் நல்லபடியாக அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, மாப்பிள்ளை ஊர் மாதாவுக்கே சாத்தலாம் என்று, சில வாரங்களுக்கு முன்பு சத்தமில்லாமல் வந்து போயிருக்கிறார். எனக்கு மனசு இளகிவிட்டது. எந்தக் கடையில் ஏமாந்தீர்கள், சொல்லுங்கள், நானே போய்க் கேட்கிறேன் என்றேன்.

"பொட்டி மேல உங்க போட்டோதாங்க இருந்திச்சி" என்றார்.

நான் குல்லாவைச் சரிசெய்துகொண்டேன். அவர் விடவில்லை.

"நீங்களேதான் பிரிச்சிக் காட்டினீங்க. இதுல ஒரு இழை பொய்யின்னாலும் என் பேரை மாத்திக்கிறேன்னீங்க."

தினமும் எத்தனையோ பேரிடம் சொல்கிற வசனம் அது. முகம் எங்கே ஞாபகம் இருக்கும்? அதுவரை வாய் திறக்காமல் வந்த பெனிட்டாவின் அப்பா மெதுவாக முன்னால் வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேங்க. கடையில சொன்னது பொய்யா, கோயில்ல சொன்னது பொய்யா?"

பிரபு தரையைப் பார்த்தான். காந்தா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பேஜார் பண்ணிகினு நிக்காதய்யா, வா ஜல்தி."

எப்படிப் போவது? கோயிலில் உளறியதை மாதா மன்னித்துவிடுவாள். கடையில் பொய் சொன்னதாக ஆனால் சம்பந்தமும் போகும், ஆரணியில் கடையும் போகும். எங்கள் தொழிலில் சந்தேகம் வந்தால் தீர்ப்பு சொல்வது நெருப்பு. ஒரு இழையை உருவிக் கொளுத்தினால், பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் அடித்துப் பொடியாகும். மற்றது உருகி உருண்டையாகும். முந்தானைக் குஞ்சத்தில் ஒரே ஒரு இழை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். உபதேசியார் பதறினார். பிலோமினா அம்மா அவரைக் கையமர்த்தினார்.

"எடுக்கட்டும். எனக்கும் தெரியணும்."

குஞ்சம் எட்டவில்லை, நடுவில் குடில். ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தேன். கண்ணாடி போடாத கண்ணுக்குக் கண்ணாடிக் குளம் தெரியவில்லை. வழுக்கிய வேகத்தில் காகித மலையைக் கட்டிப் பிடித்தேன். பெத்லகேம் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஆனாலும் இழை கையில் வந்துவிட்டது. தட்டுத்தடுமாறி வெளியே வந்து மெழுகுவத்தியில் காட்டினேன். சுர்ரென்று சுருண்டது. அத்தனை சிவப்புக் குல்லாக்களும் மூக்கை நீட்டிக் குனிந்தன. முடி கருகும் நாற்றம். அதைப் போல ஒரு வாசனையை நான் என் ஆயுளில் முகர்ந்ததில்லை.

"சுத்தப் பட்டு! அப்பவே சொன்னேனா இல்லியா!" என்று கத்திவிட்டேன்.

"எப்ப?" என்றார் பெனிட்டாவின் அப்பா.

அந்த நேரம் பார்த்துத்தான் காந்தா என் வேட்டியைக் கவனித்தாள். ஓரத்தில் பஞ்சு ஆடு ஒன்று பசையோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் சிரித்தது பிலோமினா அம்மா. மாதாவுக்கு மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு உபதேசியார் உட்பட எல்லாரும். பெனிட்டா மட்டும் சிரிக்கவில்லை.

வெளியே கேக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெனிட்டா நேராக என்னிடம் வந்தாள். எத்தனை நாள் அலைந்து விசாரித்து இந்த நடையைத் தயார் பண்ணினாளோ, நான் ஒரு மணி நேரத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கியிருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"மாமா" என்றாள். எனக்குப் பாதி உயிர் வந்தது. "சரக்கு சுத்தம், ஆளும் பரவால்லன்னு அம்மா சொல்லிட்டாங்க. நானும் சரின்னுட்டேன். ஆனா என் நடையில நான் மட்டும்தான் பேசுவேன்."

சுரங்கத்தைப் பற்றி மட்டுமாவது என்று இழுத்தேன். முறைத்தாள். நிறுத்திக்கொண்டேன்.

இப்போது ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மருமகள் ஆரணிக்குக் கூட்டம் கூட்டி வருகிறாள். கடைசி நிறுத்தம் என் கடை. வாசலில் நின்று இந்தக் கதையை ஆதியோடந்தமாகச் சொல்வாள். நான் கல்லாவில் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும் (ஒரு ஆடு இப்போது மூன்று ஆடாகியிருக்கிறது, திருத்த எனக்கு அனுமதி இல்லை). போன வருடம் பெங்களூர் அம்மா ஒருவர் உள்ளே வந்து, ஆடு ஒட்டியது நிஜமா என்று என்னையே கேட்டார். மருமகளைப் பார்த்தேன். கொஞ்சம் யோசித்து, ஒரு தடவை தலையாட்ட அனுமதித்தாள். ஆட்டினேன். அந்த அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு சேலை எடுத்துப் போனார்.

வாயைத் திறக்காமல் நான் பண்ணிய முதல் வியாபாரம் அது.