நான் பட்டா கொடுத்த கதை

நீரழுத்தப் பாடத்துக்கு ஒரு பயிற்சித்தாள் தயாரிக்க வேண்டும். அன்றைக்கு எனக்கிருந்த வேலை அவ்வளவுதான்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். நில உச்சவரம்பு, குத்தகை, கொடி, கோஷம் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த எழுபதுகள். என் எட்டாம் வகுப்பு மட்டும் நிம்மதியாகத் தூங்கியது.

அஞ்சலை ஒருத்திதான் கேள்வி கேட்பாள். அவளையும் அடுத்த வாரம் களையெடுக்க அனுப்பப்போவதாக அவள் அப்பா கோவிந்தன் சொல்லிவிட்டார்.

சரி, பாடத்தையே விளையாட்டாக்கிவிடுவோம் என்று கிளம்பினேன். புத்திசாலி அல்லவா நான்!

ஜன்னலில் தெரிந்ததை அப்படியே வரைந்தேன். வாய்க்கால், மதகு, ஒற்றைப் பனை, பதினாறு வயல். மதகுக் கதவின் அடிப்பக்கம் ஏன் தடிமனாக இருக்க வேண்டும்? இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் சரியாகச் சொன்னால் ஒரு வயலுக்குத் தண்ணீர் பாயும், பச்சை அடிக்கலாம். பதினாறும் பச்சையானால் ஜெயம்.

வகுப்பு விழித்துக்கொண்டது! அஞ்சலை ஜெயித்தாள்.

பரிசு? எனக்குள்ளிருந்த கவிதாயினி சும்மா இருப்பாளா? அவள் தாளின் தலையில் கொட்டை எழுத்தில் "பட்டா" என்று எழுதினேன். எடுப்பாக இருக்கட்டுமே என்று தலைமையாசிரியர் மேஜையிலிருந்த வட்ட முத்திரையையும் குத்தினேன்.

மறுநாள் மணியடிக்கும் முன்பே வாசலில் கூட்டம். முன்னால் கோவிந்தன், கையில் என் தாள். பின்னால் மூச்சிரைக்க மிராசுதாரின் காரியஸ்தர்.

"பனை வரைக்கும் எங்களுதுங்க. எல்லைக் கொம்பு நட்டாச்சு," என்றார் கோவிந்தன்.

"எங்க ஐயா நெலத்தை எழுதிக் குடுக்க இந்தம்மா யாரு?" காரியஸ்தர் குதித்தார்.

தலைமையாசிரியர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீங்க சயின்ஸ் டீச்சரா, தாசில்தாரா?"

"அது வெளையாட்டு சார்..."

கோவிந்தனின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"ஒங்க பொண்ணு சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொன்னா டீச்சர். பாடந்தாம்ப்பான்னு தலையில அடிச்சுக்கிட்டா. சின்னக் கழுதைக்கு என்ன தெரியும்னு அதட்டிப்புட்டேன்."

தாளை நாலாக மடித்து மடியில் செருகினார்.

"நெசப் பட்டா ஒருநாள் வரும்ல? அதைப் படிச்சுச் சொல்ல வீட்டுல ஆள் வேணும். அவ களைக்கு வரலை, இங்கயே இருக்கட்டும்." பிறகு காரியஸ்தரிடம் திரும்பினார். "கொம்பை நீங்களே போய்ப் புடுங்கிக்குங்க. நட்ட கையால நான் புடுங்க மாட்டேன்."

தலைமையாசிரியர் முத்திரையை பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அடுத்த பாடத்துக்கு நான் பரமபதம் வரைந்தேன். வைகுண்டத்தில் இடம் கேட்டு இன்றுவரை ஒருவரும் வரவில்லை.