டிக்ளேர் மாமாவும் என் டீக் கட்டுரையும்

ஒரு தோசையைக்கூட ஒழுங்காகப் பாராட்டத் தெரியாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். தொண்ணூறுகளில் அவர் கல்கத்தா லேக் கார்டன்ஸில், எங்களுக்குக் கீழ் ஃப்ளாட்டில் குடியிருந்தார். "தோசை பிரமாதம். ஆனா எனக்கு அகோரப் பசி, அதையும் கணக்குல எடுத்துக்கோங்கோ" என்பார். வார்த்துப் போட்டவருக்கு எப்படி இருக்கும்?

எதையும் 'டிக்ளேர்' பண்ணிவிட்டுத்தான் பேசுவார் என்பதால் தமிழர்களுக்கு அவர் டிக்ளேர் மாமா, வங்காளிகளுக்கு டிக்ளேர்-தா, அதாவது டிக்ளேர் அண்ணா. நிஜப் பெயர் தபால்காரருக்குத்தான் தெரியும். பகலில் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். சாயங்காலம் பவானிபூரில் ஒரு மாடியறையிலிருந்து வந்துகொண்டிருந்த உணவு ஆராய்ச்சிக் காலாண்டிதழுக்குச் சம்பளமில்லாத ஆசிரியர். ஆராய்ச்சிக்கு யார் பணம் கொடுத்தார்கள், அவர்களுக்கும் எழுதியவருக்கும் என்ன சம்பந்தம் என்பதையெல்லாம் கட்டுரைக்கு அடியில் அச்சடித்தே ஆக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். இன்றைக்கு எல்லாப் பத்திரிகைகளும் கேட்கின்றன. அன்றைக்கு எனக்குத் தெரிந்து கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அச்சோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஒரு மழை நாளில் கட்டுரை அனுப்பியிருந்த ஒருவர், பாவம், மாமாவைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். அடுத்த ஆசிரியர் குழுக் கூட்டத்தில் மாமா முதல் வேலையாக எழுந்து, "இவர் கார்ல நான் போயிருக்கேன். ஏசி வேற போட்டிருந்தார்" என்று அறிவித்தார். அதற்கப்புறம் அந்த மனிதர் மாமாவைத் தெருவில் பார்த்தால் வண்டியை வேகமாக ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

எதிர் ஃப்ளாட் பெண்ணுக்கு வரன் வந்தபோது பையன் வீட்டார் இவரிடம் விசாரித்தார்கள். "தங்கமான பொண்ணு. ஆனா அவ அப்பாகிட்டதான் நான் தினம் ஓசி பேப்பர் வாங்கிப் படிக்கறேன். அதைக் கழிச்சுண்டு பாருங்கோ" என்றார். கல்யாணம் என்னவோ நடந்தது. பெண்ணின் அம்மாதான் இவரோடு பேச்சை விட்டுவிட்டாள்.

இப்பேர்ப்பட்டவரிடம் நானும் போய் மாட்டினேன். ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக வேலை எனக்கு. நிரந்தரமாக்க இன்டர்வியூ வைத்திருந்தார்கள். அதற்குள் ஒரு கட்டுரையாவது அச்சில் வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். என் கட்டுரை டீயைப் பற்றியது. டீ நல்லதுதான் என்று முடிவு வந்திருந்தது.

"செலவு யாரோடது?" என்றார் மாமா.

"டீ கம்பெனியோடது மாமா."

"எழுது. டீத்தூள்?"

"அதுவும் அவாதான்."

"எழுது. நீ டீ குடிப்பியோ?"

"கல்கத்தாவுல இருந்துண்டு குடிக்காம முடியுமா?"

"அப்ப அதையும் எழுது."

எங்கள் துறைத் தலைவர் வங்காளி. விஷயத்தைக் கேட்டதும், "ஓரே பாபா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். கம்பெனி பெயரைப் போட்டால் அடுத்த வருஷம் பணம் வராது என்பது அவர் கவலை. இரண்டு பேருக்கும் நடுவில் என் பிழைப்பு ஊசலாடியது. சாயங்காலம் மாமா வீட்டுக்கு இறங்கிப் போய்க் கத்தினேன்.

"இந்த ஒரு தடவை விட்டுடுங்கோளேன் மாமா! என் வேலை போயிடும்!"

"வேலை போனா இன்னொண்ணு தேடிக்கலாம். காசு வாங்கிண்டு எழுதினான்னு பேர் வந்தா என்ன பண்ணுவே?"

பதில் சொல்ல முடியாதபடி பேசுவது அவருடைய இன்னொரு கெட்ட பழக்கம்.

வேறு பத்திரிகைக்கு அனுப்ப அவகாசமில்லாததால் துறைத் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மாமா அடுத்த குண்டைப் போட்டார். "உன் கட்டுரையை நான் பார்க்கப்படாது. மெட்ராஸ்ல இருக்கற இணை ஆசிரியர் முடிவு பண்ணட்டும்."

"ஏன் மாமா? உங்களுக்கு நான் என்ன பண்ணினேன்?"

"காரணத்தை அச்சுல போடறேன். படிச்சுக்கோ."

தபால் மெட்ராஸ் போய், அவர்கள் சந்தேகம் கேட்டு, நான் பதில் எழுதி, அது மறுபடி போய்... எனக்கு ரத்தம் கொதித்தது. மாமாவைப் படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இன்டர்வியூ அன்று காலை கதவைத் தட்டினார். அச்சு மை வாசனை போகாத இதழ் கையில். கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். இருந்த கோபத்தில் பிரித்துக்கூடப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தேர்வுக் குழுவில் ஓர் அம்மாள் என் கட்டுரையை நேராகக் கடைசிப் பக்கத்தில் திறந்தார். டீ கம்பெனி விவரத்தைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். அதற்குக் கீழே இருந்ததை வாய்விட்டே படித்தார்.

"கட்டுரையாளரை இப்பத்திரிகையின் ஆசிரியர் தம் சொந்த மகளாகவே நினைக்கிறார். எனவே அவரைப் பற்றிய ஆசிரியரின் கருத்து எதையும் நம்புவதற்கில்லை. கட்டுரையின் தேர்வில் ஆசிரியர் பங்கேற்கவில்லை."

அந்த வேலை எனக்குக் கிடைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அப்போது அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

உறவு ஒன்றும் இல்லை என்பதுதான் உண்மை. அதைச் சொன்னால்தான் எனக்கு நல்லது என்றும் தெரியும். ஆனால் மாமாவை உறவில்லை என்று சொல்ல மனசு வரவில்லை.