இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஒரு சபதம் எடுத்தேன். இனிமேல் மனைவி கூப்பிட்டால் தலையைத் தூக்குவதில்லை. வானமே இடிந்து விழுந்தாலும், "விழட்டும், அப்புறம் கூட்டிக்கலாம்" என்று வேலையைப் பார்ப்பது.

எல்லாம் என் கண்ணால் வந்த வினை. நான் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி லென்ஸை மாட்டிக்கொண்டு கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவன். இரண்டு வருஷமாகக் கண்ணில் சொட்டு ஈரம் கிடையாது. காலையில் இமையைத் திறப்பது துருப்பிடித்த ஷட்டரைத் தூக்குகிற மாதிரி. உள்ளே ஒரு லாரி மணல். போன மாதம் முடியைவிட மெல்லிய ஒரு ஸ்பிரிங் எனக்கு இரண்டாகத் தெரிந்தது. இல்லாததைப் பிடிக்கப் போய் இருந்ததை வளைத்துவிட்டேன்.

"ஒரு மாசம் வீட்ல உட்கார்ந்து வேலை பாரு தம்பி. கண்ணு சரியாகலேன்னா கடையில வாட்ச் பெல்ட் மாத்தற கவுண்டருக்குப் போயிடு" என்றார் முதலாளி.

சிங்கத்தைப் பிடித்துப் பூனைக்குப் பால் ஊற்றச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். கூடவே ஒரு தாளில் எழுதினார்: இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை லென்ஸைக் கழற்றிவிட்டுத் தூரத்தில் பார்க்கவும். இமையை முழுசாக மூடித் திறக்கவும். இரண்டு வேளை வெந்நீர்த் துணியால் ஒத்தடம். இப்படி எழுந்து எழுந்து உட்கார்ந்தால் கடிகாரம் எப்போது ஓடுவது? தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டேன். வீட்டில், "சொட்டு மருந்து மட்டும்தான்" என்று சொன்னேன்.

மறுநாள் ஆரம்பித்தது.

"ஏங்க! தெருக்கோடியில வர்றது யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"பார்த்தாத்தானே தெரியும். கண்ணுல இருக்கற மூடியைக் கழட்டிட்டு வாங்க."

போய்ப் பார்த்தேன். "தபால்காரர்."

"அப்படியா? சரி, போங்க."

அவ்வளவுதான்! உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை.

"ஏங்க, அந்தத் தண்ணித் தொட்டி மேல எத்தனை காக்கா?"

"எண்ணி என்ன பண்ணப்போற?"

"நாலுன்னு நினைக்கிறேன். அஞ்சா இருந்தா சொல்லுங்க."

அஞ்சுதான் இருந்தது.

"ஏங்க, எனக்குக் கண்ணடிச்சு எவ்வளவு நாளாச்சு!"

அடித்தேன்.

"ஒத்தைக் கண்ணாலயா? பொறுக்கி மாதிரி! ரெண்டையும் அடிங்க. மெதுவா. பத்துத் தடவை."

காலையும் மாலையும் சூடான ஈரத்துணி வேறு. "என் தங்கச்சி வந்து போட்டோ எடுப்பா. கண்ணைச் சுத்திக் கருப்பா இருக்கு பாருங்க." அந்தத் தங்கச்சி இன்றுவரை வரவில்லை.

ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள்தான் அந்தச் சபதம். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் போனேன். மெஷின் சத்தத்தில் அவள் குரல் கேட்காது அல்லவா?

"அண்ணே, கொஞ்ச நாள் பகல்ல இங்க உட்கார்ந்துக்கறேன்."

"தாராளமா உட்காருங்க தம்பி."

நிம்மதி. இருபது நிமிடம். மெஷின் நின்றது.

"தம்பி, எதிர்மாடியில காயற சேலையும் இந்த நூலும் ஒரே கலர்தானா? கொஞ்சம் ஜன்னல்ல பார்த்துச் சொல்லுங்களேன்."

பாவம், தொழில் விஷயம் என்று எழுந்து போனேன். அன்றைக்குப் பன்னிரண்டு நூல்.

மாதக் கடைசியில் ஒரு நாள். சின்னஞ்சிறு கடிகாரம் ஒன்றைத் திறந்தேன். ஸ்பிரிங் ஒன்றே ஒன்றாகத் தெரிந்தது. சுருளுக்குச் சுருள் இடைவெளி தெரிந்தது. ஒரு பிஞ்சு உயிர் மூச்சு விடுகிற மாதிரி விரிந்தது, சுருங்கியது. நான் அசையவில்லை. கன்னத்தில் ஏதோ வெதுவெதுப்பாக இறங்கியது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. இரண்டு வருஷத்துக்குப் பிறகு, என் கண்ணிலிருந்தே!

வீட்டுக்கு ஓடினேன். "பார்த்தியா? டாக்டர் தாள்ல என்னென்னவோ எழுதினார். ஒண்ணைக்கூடச் செய்யாம குணமாக்கிட்டேன்!"

"இந்தத் தாளா?"

அலமாரியிலிருந்து எடுத்து நீட்டினாள். பின்பக்கம் முழுவதும் கடுகு சிந்தின மாதிரி நீலமும் பச்சையுமாகப் பேனாப் புள்ளிகள். முப்பது நாள், முப்பது வரிசை. ஒரு வரிசைகூடக் காலி இல்லை.

"துவைக்கறதுக்கு முன்னாடி சட்டைப்பையைத் துழாவ மாட்டேனா? நீலம் நான். பச்சை தையல்கார அண்ணன்."

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா செய்ய மாட்டீங்க. கூப்பிட்டா திட்டிக்கிட்டே வருவீங்க."

கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறவன் மாதிரி அவளைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் தானாகவே வந்தது. இந்தத் தடவை மருந்துக்கு வேலையில்லை.

மறுநாள் கடையில் என் பழைய நாற்காலியே கிடைத்தது. லென்ஸை மாட்டினேன். உலகத்தை மறந்தேன். சரியாக இருபது நிமிடம்.

"தம்பி, எதிர்க்கடை பொம்மை என்ன கலர் சட்டை போட்டிருக்கு, பார்த்துச் சொல்லு" என்றார் முதலாளி.

அவர் கையில் ஒரு சிவப்புப் பேனா இருந்தது.