அடுப்படி ஆராதனை குறித்து ஒரு முறையீடு

ஹார்லோ மில்ஸ், வெர்மான்ட்
சாம்பல் புதனுக்கு முந்தின வியாழக்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் திரு. மெரில் அவர்களின் சமூகத்துக்கு, அக்காள் புருஷன் ஆரின் எழுதிக்கொண்டது.

மரியாதை இந்த ஒரு வரியோடு முடிந்தது, மச்சான். இனி நீ, வா, போ தான். தேவகிருபையால் இங்கே நான் சுகம். இடது முழங்கால் மட்டும் கிருபைக்கு வெளியே நிற்கிறது. அங்கே நியூ ஹாம்ப்ஷயரில் நீயும் உன் நாயும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பின வாழ்த்து அட்டை வந்தது. உன் பெயரைத் தவிர அதில் ஒன்றும் எழுதவில்லை. இருந்தாலும் இரண்டு தரம் படித்துவிட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பர்னபா ஆலயத்து பாய்லர் படுத்துவிட்டது. ஆயுசு முழுக்க பாய்லர்களோடு குடித்தனம் பண்ணினவன் நீ. இந்தச் சனிக்கிழமைக்குள் கருவிப்பெட்டியோடு புறப்பட்டு வரவேண்டும். வராவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். பொறுமையாகப் படி. குளிரில் விரல் மரத்துப்போய் எழுதுவதால் எழுத்து அப்படி இப்படித்தான் இருக்கும்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆனாலும் இந்தச் சபையில் நான் சின்ன வார்டன். பெரிய வார்டன் யார் தெரியுமா, பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறானே, டுவைட், அவன். என்னைவிட வயதில் இளையவன். பேராயர் வரும்போது பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வது பெரிய வார்டனின் ஊழியம். கூரை ஒழுகினாலும், கழிவறை அடைத்தாலும், மணிக்கூண்டில் வௌவால் குடியேறினாலும் அது சின்ன வார்டனின் ஊழியம். உன் அக்காள் லோர்னாவை அடக்கம் பண்ணின கொஞ்ச நாளில், "ஆரின் சும்மாதானே இருக்கான், அவன் மனசுக்கும் ஒரு மாத்தமா இருக்கும்" என்று சொல்லி, ஆண்டுக் கூட்டத்தில் எல்லாரும் கையைத் தூக்கி இதை என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் தலையாட்டினேன். அன்றைக்கு யார் எதைக் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

ஞானிகள் வந்த பண்டிகை ஞாயிறன்றுதான் கேடு வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் ஆலயம் ஐஸ் பெட்டியாக இருக்கிறது. நான் நிலவறைக்கு இறங்குவதற்குள் டுவைட் எனக்கு முன்னால் இறங்கி, பாய்லருக்கு முன்னால் குந்தி, அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கு அமுக்கென்று அமுக்கிக்கொண்டிருக்கிறான்.

"டுவைட், அத ஒரு தரந்தான் அமுக்கணும். பிடிக்கலேன்னா விட்டுடணும். ஒவ்வொரு அமுக்குக்கும் உள்ள எண்ணெய் எறங்கும். என் மச்சான் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கான்."

"அட போய்யா, லிஃப்ட் வரலேன்னா நாம திரும்பத் திரும்ப அமுக்கறதில்லையா?"

லிஃப்ட் வந்தது, மச்சான். உள்ளே தேங்கின எண்ணெய் மொத்தமும் ஒரே நேரத்தில் தீப்பிடித்து டம் என்று ஒரு சத்தம். பாய்லரின் கதவு திறந்து, அதிலிருந்து கரும்புகை படியேறிப் போய், மேலே ஆயர் அங்கி மாற்றுகிற அறைக்குள் நுழைந்தது. அங்கே பலிபீடத்துக்கு விரிக்கிற துணிகளைக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தது யார்? யூனிஸம்மா! பலிபீடச் சங்கத்துக்கு ஆயுட்காலத் தலைவி, ஒரு சுருக்கம் தெரிந்தால் பேராயரையே நிறுத்திவைத்துக் கேட்கிறவர். அவர் வெளியே வந்து நின்ற கோலத்தில் கண்ணின் வெள்ளை மட்டும்தான் தெரிந்தது. "யாரு?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டார். டுவைட் என்னைக் கைகாட்டினான். சின்ன வார்டன் அல்லவா.

அதிலிருந்து பாய்லர் பிடிக்கவேயில்லை. எண்ணெய் ஊற்றுகிற கம்பெனியிலிருந்து ஒருவன் வந்து பார்த்தான். பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். அப்புறம் என்ன செய்வது? ஆலயத்தில் தண்ணீர் உறைகிறது, திராட்சரசம் கூழாகிறது. ஆகவே ஆயர் ஜோசலின் அம்மா (நீ பார்த்ததில்லை, புதிதாக வந்தவர், சின்ன வயது, பனிக்காலணியோடு பிரசங்கம் பண்ணுகிறவர்) ஒரு முடிவு எடுத்தார். பின்பக்கம் கீழே இருக்கும் ஐக்கிய மண்டபத்து அடுப்படியில்தான் இனி ஆராதனை. அங்கே காஸ் அடுப்பு இருக்கிறது. கேக்கு சுடுகிற அதன் அடித்தட்டை மூட்டி, கதவைத் திறந்து வைத்தால் கதகதப்பு.

இந்த இடத்தில்தான் என் முறையீடு ஆரம்பிக்கிறது.

நம் ஆலயத்தில் உட்காருகிற முறை எவ்வளவு கண்ணியமானது என்று உனக்குத் தெரியும். அவரவர்க்கு அவரவர் பெஞ்சு. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நடுவில் ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு போகலாம். செத்துப்போனவர்களின் இடத்திலும் யாரும் உட்காருவதில்லை. அது நம் மரியாதை. இலை உதிர்கிற காலத்தில் ஒரு இளந்தம்பதி புதிதாக வந்தார்கள். பாவம், காலியாக இருக்கிறதே என்று ஒரு பெஞ்சில் உட்காரப் போனார்கள்.

யூனிஸம்மா திரும்பிப் பார்த்து, "அது ஹாரியட் எடம்மா" என்றார்.

"ஓ, மன்னிச்சுக்குங்க. அவங்க இப்ப வந்துடுவாங்களா?"

"வரமாட்டா. வெளிய தோட்டத்துல இருக்கா. கல்லு வச்சிருக்கோம், பாத்திருப்பீங்களே."

அடுத்த பெஞ்சு டாக்டர் இடம், அதற்கடுத்தது டாக்டரின் தங்கை இடம். ஆலயம் முக்கால்வாசி காலி, உட்காரத்தான் இடமில்லை. அந்தத் தம்பதி பிரசங்கம் வரைக்கும் ஞானஸ்நானத் தொட்டியோரம் நின்றுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தால், ரயிலில் போகிறவர்களுக்குக் காட்டுவதுபோல் அவரவர் இடத்திலிருந்தே கையை ஆட்டுவோம். முடிந்ததும் ஆளுக்கு ஒரு காப்பி, ஒரு எலுமிச்சைக் கேக்குத் துண்டு, நேரே காருக்கு. ஒருவரும் ஒருவரையும் தொந்தரவு பண்ணமாட்டோம். வருஷக்கணக்கில் அப்படித்தான் நடந்தது.

இப்போது நடக்கிற அக்கிரமத்தைக் கேள். மாவு பிசைகிற மேஜைதான் பலிபீடம். அதைச் சுற்றி நாற்காலிகளை இடித்து இடித்துப் போட்டு, முழங்கை முட்ட உட்காருகிறோம். எனக்கு ஒரு பக்கம் ஃபிரிட்ஜ், மறுபக்கம் யூனிஸம்மா. ஃபிரிட்ஜ் பாட்டுக்கு ஒரு சுரத்தில் ரீங்காரம் போட, சபை முழுவதும் அதற்கு ஒத்துப் பாடுகிறது. போன ஞாயிறு பாவ அறிக்கை. "செய்யவேண்டியவைகளைச் செய்யாமல் விட்டோம்" என்று எல்லாரும் தலைகுனிந்து சொல்லிக்கொண்டிருக்கும்போது அடுப்புமேல் பீன்ஸ் பொங்குகிறது. யூனிஸம்மா கண்ணைத் திறக்காமலே, "அந்த மூடியத் தெறந்து விடுங்கப்பா, அதையும் செய்யாம விடாதீங்க" என்கிறார். ஆயர் அம்மா சிரித்துவிட்டார். ஆயரே சிரித்தால் பாவமன்னிப்பு செல்லுமா செல்லாதா, நீயே சொல்.

முழங்கால் போடும் சங்கடம் வேறு. மேலே என்றால் முன்பெஞ்சைப் பிடித்து எழலாம். இங்கே பக்கத்து ஆளைத்தான் பிடிக்கவேண்டும். அவர் தன் பக்கத்து ஆளைப் பிடிப்பார். ஒருவர் கையை விட்டால் சபை மொத்தமும் சாய்ந்துவிடும். சமாதானம் சொல்லும்போது கையை ஆட்ட இடமே கிடையாது, கட்டித்தான் பிடிக்கவேண்டும். டுவைட் ஒருநாள் என்னைப் பிடித்தவன் விடவேயில்லை. இவனுக்கு மூச்சு கீச்சு நின்றுபோச்சோ என்று பயந்துபோனேன். அப்புறம் காதோடு சொல்கிறான்:

"பையன் அலாஸ்கா போனான்ல, தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்குக்கூட ஒரு ஃபோன் பண்ணலடா ஆரின்."

இத்தனை வருஷம் எனக்கு நேர் முன்பெஞ்சில் உட்கார்ந்தவன், மச்சான். அவன் பின்னந்தலை எனக்கு மனப்பாடம். இது எனக்குத் தெரியாது. முதுகைத் தட்டிக்கொடுத்தேன். இதெல்லாம் ஆராதனை நேரத்தில் செய்யவேண்டிய காரியமா?

பாடல் பாடினாலும் நிம்மதி கிடையாது. யூனிஸம்மா பாட்டின் நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அட, நீ பாடுவியா! நீ வாய மட்டும் அசைக்கிறேன்னுல்ல இத்தன வருஷமா நெனச்சேன்."

"லோர்னா பாடுறப்ப நான் எதுக்கு, யூனிஸம்மா."

"அதுவும் சரிதான். அவ பாடினா கூரை எந்திரிச்சு நிக்கும்." பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டு, "இன்னிக்கு மத்தியானம் என்ன சாப்பிடப்போற?" என்றார்.

"டப்பா சூப் இருக்கு."

"நேத்து?"

"அதேதான்."

"நாய்க்குக்கூட மாத்தி மாத்திப் போடுவாங்கய்யா. உக்காரு. பீன்ஸும் பிரவுன் பிரெட்டும் இருக்கு. சாப்பிடாம இந்த வாசலத் தாண்டின, அந்தக் கரித்துணிய எல்லாம் உன்னைத்தான் தொவைக்க வைப்பேன்."

இப்படித்தான் ஒவ்வொரு ஞாயிறும். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, கழுவின பாத்திரத்தைத் துடைத்து, துடைத்தவர்களுக்குக் காப்பி போட்டு, காப்பி குடித்த கோப்பையை மறுபடி கழுவி, யாரோ ஒருவர் சீட்டுக்கட்டை எடுத்து, ஜன்னலில் வெளிச்சம் போய்விடுகிறது. எனக்கு வீட்டில் ஆயிரம் வேலை இருக்கிறது. என்ன வேலை என்று கேட்காதே. அவர்களும் கேட்டார்கள், எனக்குச் சட்டென்று ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

இதற்கெல்லாம் ஒரு முடிவு வேண்டாமா? டுவைட் ஒரு முடிவு கொண்டுவந்தான். சபைக் கமிட்டியில் எழுந்து, ஆலயத்தை ஈஸ்டர் வரைக்கும் பூட்டிவிட்டு எல்லாரும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய ஆலயத்துக்குப் போய்விடலாம் என்கிறான்.

"எத்தன நாளைக்கு இந்த அடுப்படில உக்காந்துட்டிருக்கறது? தீயணைப்புக்காரன் எட்டிப் பார்த்தான்னா எல்லாரையும் வெளிய தள்ளிடுவான். பெரிய வார்டன்னு என்னைத்தான புடிப்பான்."

"ஒரு குளிர்காலம் பூட்டினோம்னா, அப்புறம் சாவிய எங்க வச்சோம்னு தேடணும், டுவைட்," என்றார் ஆயர் அம்மா. "நான் இதுக்கு முன்னாடி இருந்த ஊர்ல அப்படித்தான் ஆச்சு. இப்ப அது ஜிம்மு."

கடைசியில் இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாக்கெடுப்பு என்று தீர்மானம். அதற்குள் பாய்லர் பிடித்தால் மேலே, நம் ஆலயத்திலேயே, பழையபடி. பிடிக்காவிட்டால் பூட்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆலயத்துக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். நல்ல வெதுவெதுப்பு, நல்ல ஜனங்கள். வாசலிலேயே நம் பெயரை எழுதிச் சட்டையில் ஒட்டிவிடுகிறார்கள். அன்றைக்கு முழுக்க என் பெயரைச் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை, சட்டையைத்தான் பார்த்தார்கள். அங்கே போனால் யூனிஸம்மா எங்கேயோ, டுவைட் எங்கேயோ, நான் எங்கேயோ.

ஆகையால் மெரில், காரணம் சொல்லாதே. சனிக்கிழமை வந்துவிடு. பாய்லர் உயிர் பிழைக்க உன்னைவிட்டால் ஆளில்லை. படுக்க இடம் இருக்கிறது, உன் அக்காளின் தையல் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். நாயையும் கூட்டிக்கொண்டு வரலாம்.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன் வண்டியின் சக்கரம் பனியில் வழுக்காமல் காப்பாராக. ஆயர் அம்மாவும், யூனிஸம்மாவும், நியாயப்படி பார்த்தால் விசாரிக்கவே கூடாத டுவைட்டும் உன்னை மிகவும் விசாரித்தார்கள்.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷனும், பர்னபா ஆலயத்துச் சின்ன வார்டனுமாகிய
ஆரின் விட்கம்

பி.கு.: பாய்லர் நன்றாக இருக்கிறது, மச்சான். செவ்வாய்க்கிழமை நான் தனியாக இறங்கிப் பார்த்தேன். தீ எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் சின்னக் கண் ஒன்று உள்ளே உண்டென்று நீ காட்டியிருக்கிறாய். அதில் கரி படிந்திருந்தது. சட்டை நுனியால் துடைத்துவிட்டு, பொத்தானை ஒரே தரம் அமுக்கினேன். பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் அதன் எதிரில் உட்கார்ந்திருந்துவிட்டு, சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. ஞாயிறன்று சொல்லித்தான் தீரவேண்டும், சொல்லாவிட்டால் பூட்டிவிடுவார்கள். சொன்னாலோ, எல்லாரும் மேலே போய் அவரவர் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்கள். என் பக்கத்தில் லோர்னாவின் இடம். அதில் உட்காரமாட்டார்கள், அவ்வளவு மரியாதையான ஜனங்கள். கருவிப்பெட்டி வேண்டாம். நீ மட்டும் வந்து அங்கே உட்கார். அவள் தம்பியை யாரும் எழுந்திருக்கச் சொல்லமாட்டார்கள்.