சம்பந்தியம்மா புடவையில் ஒரு முழம்

கதை சொல்லத் தெரிந்தவர்களைவிட, கதையை விளக்கத் தெரிந்தவர்கள் ஆபத்தானவர்கள். நான் இரண்டாவது ரகம்.

எழுபதுகளின் தொடக்கம். பி.ஏ. தமிழ் முடித்துவிட்டுக் காஞ்சிபுரத்தில் கல்யாணத்துக்குக் காத்திருந்தேன். என் முகூர்த்தப் புடவையை நைனாவே (எங்கள் வீட்டில் அப்பா நைனாதான்) நெய்துகொண்டிருந்தார். எதிர்ப்பக்கக் கரைக்குக் குறுக்கு நூல் ஓடும் நாடாவைப் போட அண்ணன். தறியில் நெடுக்காக ஏற்றிய அதே பாவு நூலில் மிச்சம் இருப்பதில் வருங்கால மாமியாருக்கு ஒரு புடவை. கைக்குத்தானே வேலை, காது சும்மாதானே இருக்கிறது என்று நான் தறியோரம் உட்கார்ந்து ஒரு மாயாஜாலப் பெருங்கதையைப் படித்துக்காட்டுவேன்.

என்ன கதை அது! மேகத்தில் கோட்டை, மலையை விழுங்கும் பாம்பு, தலைமுறைகளாக நடக்கும் போர். ஆரம்பத்தில் யாரோ ஒருத்தி இளவரசிக்கு ஓட்டைச் சங்கு ஒன்றைக் கொடுப்பாள். நாம் மறந்தே போவோம். நூற்றுக்கணக்கான பக்கம் தாண்டி, எல்லாரும் சாகப்போகிற நேரத்தில், அந்த ஓட்டை வழியே காற்று புகுந்து சங்கு தானாக ஊதும். இப்போது சொன்னாலும் எனக்குச் சிலிர்க்கிறது. எழுதின மகராசன் காலில் விழலாம்.

படித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். (விதி யாரை விட்டது?) சங்கு ஊதியதும் நிறுத்தினேன்.

"பாத்தியா நைனா, விதைய அப்பவே போட்டு மூடிட்டாரு. ஆறு தானா பெருகினத, இளவரசிக்காக அழுவுதுன்னு சொல்றாரே, அதான் தற்குறிப்பேற்றம்."

"அது கெடக்குதும்மா. பாம்பு அவள முழுங்கிச்சா இல்லியா?"

"அத சொல்லாம நிறுத்தறதுதான் நைனா அழகே!"

"அடியே, படிச்சித் தொலை!" என்று அண்ணன் பல்லைக் கடித்தான்.

நான் விடுவேனா? அன்று முழுக்க ஒரு பக்கம் படிப்பு, இரண்டு பக்கம் விளக்கம். அவர்கள் தவித்த தவிப்பில் கைகால் தானாக ஓடியது. முந்தானை, எங்கள் பேச்சில் முந்தி, தொடங்க வேண்டிய இடத்தில் நைனா பாவில் சாயக் குறி வைத்திருந்தார். குறி வந்தது, போனது, நெய்த துணியோடு சுருண்டுகொண்டது. சோற்றுக்குக் கூப்பிட வந்த அம்மாதான் அலறினாள்.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீற? முந்தி எங்கய்யா?"

ஒரு முழம் தாண்டியிருந்தது. பிரித்தால் ஜரிகை பாழ். வேறு பாவு ஏற்ற நாளில்லை. என் புடவை நீண்டது, சம்பந்தியம்மா புடவை அதே ஒரு முழம் குறைந்தது.

"மாப்பிள்ளையோட அம்மாவுக்கே அரகொறப் புடவையா? கல்யாணம் நின்னுடும்டி" என்று அம்மா அழுதாள். எனக்கு ஓர் அணியின் பெயரும் நினைவுக்கு வரவில்லை.

முகூர்த்தத்தன்று மாமியார் அந்தப் புடவையில் வந்து நின்றார். கொசுவம் பேருக்கு இருந்தது.

"யாரு நெய்ஞ்சது இத?"

நைனா கைகூப்பி, உள்ளதை உள்ளபடி சொன்னார். சங்கு வரைக்கும் வந்து, மேலே கதை தெரியாமல் அவர் நின்றதும், மாமியார் மணையில் இருந்த என் பக்கம் திரும்பினார். போச்சுடா என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்புறம் பாம்பு அவள முழுங்கிச்சாமா?"

"முழுங்கிச்சி அத்தை. சங்கு சத்தத்துல வாயத் தொறந்துச்சி, அவ குதிச்சி வந்துட்டா."

முதல்முறையாக விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை.

"அப்பாடா!" என்று மாமியார் மூச்சுவிட்டார். "இன்னும் இன்னா பாத்துக்கினு கீறீங்க? தாலியக் கட்டச் சொல்லுங்கப்பா."

அந்தக் குட்டைப் புடவையைக் கடைசிவரை அவர் எல்லா விசேஷத்துக்கும் கட்டினார். நான் இன்றும் கதை சொல்லும்போது, நடுவில் நிறுத்தி, "இதுல என்ன அழகுன்னா..." என்று வாயெடுத்தால் போதும். பேரன் பேத்திகள் கூட்டமாகக் கத்துகிறார்கள்:

"முந்தி எங்கய்யா?"